விற்கிறவர் ஓட்டட்டும்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கராஜ் மெக்கானிக். அவர் பொனட்டைத் திறந்து டோர்ச் அடிப்பார், வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுப்பார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு "பரவாயில்ல, எடுக்கலாம்" என்பார். எடுத்த கொஞ்ச நாளில் அதே வண்டி அவருடைய கராஜுக்கே வந்து சேரும். அவருக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை.

கண்டிக்கு மேலே ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நாங்கள் பாஸை நம்பவில்லை. வெல்ஃபேர் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்கள் மலையில் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற எந்த வண்டிக்கும் ஜீப் என்றுதான் பெயர். எந்த நாட்டில் செய்தது, எந்தக் கம்பனி என்பதெல்லாம் பிறகு. மழை பெய்து ரோட்டில் சேறு நிற்கும்போது ஏறுகிறதா, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் பிடிக்கிறதா, இந்த இரண்டுதான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவது நின்றுபோன வருடங்களில் இந்தக் கிழட்டு ஜீப்புகளுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. துருப்பிடித்த தகரத்துக்கெல்லாம் ஆட்கள் வீட்டை அடகு வைத்தார்கள். ஏமாந்தவர்கள் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. மிஸ்ஸோடு போய் ஏமாந்தவர் கதை ஒன்றுகூடக் கிடையாது.

இத்தனைக்கும் மிஸ்ஸுக்கு லைசன்ஸ் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். பொனட்டுக்குள் எது எஞ்சின், எது பேட்டரி என்று கேட்டால் "கறுப்பா சதுரமா இருக்கிறது பேட்டரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் தோட்டங்களில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, தொழிலாளர் இருக்கும் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும், வராவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுப்பதும்தான் அவர் உத்தியோகம். அதற்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டத்து ஜீப்புகளின் பின் ஆசனத்தில் கழித்தார். முன் ஆசனத்தில் உட்கார்ந்தால் அவருக்குப் பயம், தலைசுற்றலும் வரும். இது தெரியாத சிலர், மிஸ் ஏதோ தந்திரமாகத்தான் பின்னால் உட்காருகிறார் என்று பெரிதாகப் பேசிக்கொள்வார்கள்.

கண்டி டவுனில், ஹந்தானை ரோட்டுக்குக் கீழே, சிறிய வீடு ஒன்றில் தனியாக இருந்தார். பருத்த உடம்பு. கஞ்சி போட்ட சேலை. வெயிலோ மழையோ, கையில் ஒரு ஆண்கள் குடை. கைப்பையில் ஜெபமாலையும் இஞ்சி மிட்டாயும் எப்போதும் இருக்கும். வண்டி பார்க்க வாருங்கள் என்று போய்க் கேட்டால் முதலில் ஒரு திட்டு விழும்: "எனக்கென்ன வேற வேல இல்லன்னு நினைச்சீங்களா?" திட்டி முடிப்பதற்குள் செருப்பைப் போட்டிருப்பார்.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் வண்டியைத் தாங்கள் ஓட்டிப் பார்க்கத்தான் துடிப்பார்கள். மிஸ் விடமாட்டார். விற்கிறவர் ஓட்டட்டும் என்பார். அவர் பின்னால் ஏறி, ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால் அல்லாமல் மறு மூலையில் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் கைகளும் கால்களும் தெரியும். பிறகு அரைக்கண் மூடி, ஜெபமாலையை உருட்டத் தொடங்குவார். விற்கிறவர்கள், கிழவி தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுவார்கள். அதுதான் அவர்கள் செய்யும் பிழை.

"வண்டிக்கு என்ன வருத்தம், என்ன நோவுன்னு சொந்தக்காரன் வாய் சொல்லாது தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா அவன் கையும் காலும் வருஷக்கணக்கா அந்த வருத்தத்தோட வாழ்ந்திருக்கு. மறைக்கத் தெரியாது."

இந்த வித்தை முதன்முதலில் வெளியே தெரிந்தது எங்கள் பங்குக் கோயில் பாதருக்கு ஜீப் வாங்கியபோது. தோட்டங்களுக்குப் போய் பூசை வைக்க அவருக்கு ஒரு ஜீப் தேவைப்பட்டது. விற்க வந்தவர் பங்குச் சபையில் பெரிய ஆள். பிள்ளையைப் போல வளர்த்த வண்டி என்று சொல்லிச் சொல்லிப் பாதரை ஏற்றிக்கொண்டு ஹந்தானைக்கு ஓட்டினார். மிஸ் அன்றைக்கு வண்டி பார்க்கப் போகவே இல்லை. பாதையில் இறக்கிவிடச் சொல்லி ஓசியில் ஏறிக்கொண்டவர். இறங்கும்போது பாதர் ஒரு மரியாதைக்காக "என்ன மிஸ், வண்டி எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார்.

"வண்டியப் பத்தி எனக்கென்ன தெரியும் பாதர். ஆனா ஐயா மூணாவது கியர்ல போட்டா கைய எடுக்கவே மாட்டேங்கிறாரே. வளைவுலகூட ஒத்தக் கையாலதான் திருப்புறாரு. கைய எடுத்தா கியர் கழண்டு வந்துரும் போல."

கழன்று வந்தது. பாதர் அங்கேயே கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெரிய ஆள் அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் வேறு பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போனதாகக் கேள்வி.

நானே மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு பல இடங்களுக்குப் போயிருக்கிறேன். நான் ஹயர் ஓடுகிறவன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு வேன். தோட்டத்து ஆட்களை டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடத்தினேன். வண்டி வாங்க நினைக்கிறவர்கள் என் வேனைப் பிடித்து, மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வீட்டுக்குப் போனால் இறங்கியதும் பொனட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் குடையை விரித்துத் திரும்பிவிடுவார்: "நம்ம வாறதுக்கு முந்தியே சூடாக்கி வச்சிருக்காரு. குளிர்ல எழும்பாத வண்டி. வாங்க போவோம்." இன்னொரு வீட்டில் ஜீப்பை இறக்கத்தில் மூக்கு வைத்து நிறுத்தியிருந்தார்கள். முற்றம் முழுக்கச் சமதரையாக இருக்க, அங்கே ஏன் நிறுத்த வேண்டும்? உருட்டி ஸ்டார்ட் செய்து பழகிய கை அது. ஏற்றத்தில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறவர் எதையோ நாம் கேட்கக் கூடாது என்று நினைக்கிறார். வளைவுக்கு முன் பிரேக்கை இரண்டு தரம் தட்டித் தட்டி மிதிக்கிறவரைப் பார்த்து, "ஐயா ஒரு தரம் மிதிச்சா நிக்காதோ?" என்று பின்னாலிருந்து சாதுவாக ஒரு குரல் வரும்.

பிலிமத்தலாவையில் பழைய வாகனம் விற்கும் முதலாளி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், நல்ல வியாபாரி. மிஸ் அவருடைய சேலில், அதாவது வண்டிகளை விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் இடத்தில், ஒரு ஜீப்பில் ஏறி, சுற்றிவந்து, இறங்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் தெரியல. இவர் கைக்கு இந்த வண்டியத் தெரியாது. நேத்துக் கல்யாணம் முடிச்சவன்கிட்ட பொண்டாட்டி கொறயக் கேட்டு என்ன பிரயோசனம்? பழைய ஆளக் கூட்டிட்டு வாங்க."

முதலாளி சிரித்துச் சிரித்து, பந்தயம் போல, பழைய சொந்தக்காரரை வரவழைத்துவிட்டார். வந்தவர் ஏறி உட்கார்ந்தார். காலை ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு கீழே எதையோ தேடினார். பிறகு வெள்ளந்தியாக முதலாளியைப் பார்த்து, "பலகய எங்க வச்சீங்க?" என்று கேட்டார். துருப்பிடித்து ஓட்டையாகிப்போன அடித்தகரத்தின் மேல் அவர் பலகை போட்டுக் கால் வைத்துத்தான் இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறார். இப்போது அந்த ஓட்டையின் மேல் புது விரிப்பு கிடந்தது.

"மிஸ், ஒங்களுக்கு அல்லாஹ் நல்ல கண்ணத் தந்திருக்கான்" என்றார் முதலாளி. "அதக் கொண்டு தயவுசெஞ்சி நம்ம சேல் பக்கம் வராதீங்க. வேணுமின்னா மாசச் சம்பளம் தாறேன், வூட்ல இருங்க."

மிஸ் சிரிக்கவில்லை. இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு மட்டும் கொஞ்சம் பயமும் உண்டு. மிஸ் என் வேனில் ஏறினால் நான் நெளிவேன். ஒரு காலையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், "வீட்ல சண்டையா?" என்றார்.

"இல்லையே மிஸ்."

"கிளச்ச மிதிக்கிறத பாத்தா யாரையோ மிதிக்கிறாப்ல இருக்கு. போகும்போது அவளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க."

சண்டைதான். ஒரு மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் வீட்டுக்குள் போய்விட்டு வரும் ஆளை என்ன சொல்வது? கோபம் வரவேண்டும். எனக்கு மலைப்புத்தான் வந்தது.

அதன் பிறகு ஒரு பெருமழையில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் கீழ் ரோட்டை மண்சரிவு கொண்டுபோனது. மிச்சம் இருந்தது மேல் மலை வழியாகப் போகும் கல் ரோடு. அதில் என் வேன் ஏறவில்லை. நோயாளிகளைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் பிழைப்பும் நின்றுபோனது. வேனை விற்றேன். கையில் இருந்த எல்லாவற்றையும் போட்டு ஒரு ஜீப் வாங்குவது என்று முடிவானது. அது பிழைத்தால் நானும் என் வீடும் பிழைக்கும், இல்லையென்றால் மறுபடி ஒன்று வாங்க வழி கிடையாது. வண்டி பார்க்க மற்றவர்களோடு போய் வேடிக்கை பார்த்த நான், எனக்கென்று வந்தபோது நேரே மிஸ்ஸிடம்தான் ஓடினேன்.

அப்போதுதான் டீமேக்கர் ஐயாவின் ஜீப் விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐயா பக்கத்துத் தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபக்டரியில், பெரிய பொறுப்பான டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்களில் அந்த உத்தியோகத்துக்கு உயர்ந்தவர்கள் குறைவு. மனைவியோடு ஹேவாஹெட்டைக்கு மேலே வீடு கட்டிக்கொண்டு இருந்தார். கரும்பச்சை ஜீப். அதை வாங்கிய நாளிலிருந்து அவரைத் தவிர ஒருவரும் ஓட்டியதில்லை என்பது அந்த மலை முழுக்கத் தெரிந்த விஷயம். நான் போன் எடுத்து விசாரித்தபோது முதல் வார்த்தையாகவே குறையைச் சொல்லிவிட்டார்.

"இடது பக்கம் இழுக்குது தம்பி. சொல்லாம விக்க மாட்டேன். எத்தனையோ பாஸ்மார்கிட்டக் காட்டிட்டேன். டயர் மாத்தினாங்க, அலைன்மெண்ட் செஞ்சாங்க. எல்லாரும் இப்ப ஒண்ணுமில்லங்கிறானுக. காச வாங்கிக்கிட்டு ஒண்ணுமில்லன்னா எப்பிடி? நான் ஓட்டினா மறுபடி இழுக்குது."

போய்ப் பார்த்தபோது எனக்கு மனசு விட்டுப்போனது. வலது பக்கம் புது வண்டி போல மினுக்கிக்கொண்டு நின்ற ஜீப், இடது பக்கம் முழுக்க உரசலும் நெளிவுமாக இருந்தது. அந்தப் பக்கக் கண்ணாடி உடைந்து மாற்றியிருந்தது. எனக்கு முன் பார்க்க வந்தவர்கள், எங்கோ அடிபட்டு செசி என்கிற அடிச்சட்டம் வளைந்த வண்டி என்று சொல்லி, ஓட்டிப் பார்க்கச் சொல்லிக்கூடக் கேட்காமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். மிஸ் பொனட்டில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே மூச்சில் எழும்பியது. புகை இல்லை.

"ஐயா ஓட்டட்டும்" என்றார் மிஸ்.

ஐயா ஓட்ட, நான் அவருக்குப் பக்கத்தில் இடது ஆசனத்தில் உட்கார்ந்தேன். மிஸ் எனக்குப் பின்னால். மேல் மலைக்கு ஏறினோம். ஐயா ஓட்டியதைப் போல ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. கியர் மாறுவது உடம்புக்குத் தெரியவில்லை. கல் ரோட்டில் நாலு சில்லு லீவரைப் போட்டபோது ஒரு சத்தம் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஜீப் இடது பக்கம் ஒதுங்கியது. ஏறும்போது அந்தப் பக்கம் பள்ளம். என் ஜன்னலுக்குக் கீழே ரோடே தெரியாமல் தேயிலைத் தூர்கள் மட்டும் தெரிந்தபோது நான் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஐயா, ஓரம்" என்றேன்.

"பாத்தீங்களா? இழுக்குது" என்று அவர் வலப்பக்கம் திருப்பினார். "நான் நேராத்தான் புடிக்கிறேன், அது தானாப் போகுது."

பாதையில் வலது பக்கம் ஒரு முனியாண்டி கோயில் வந்தது. கோயில் என்றால் ஒரு மரம், ஒரு வேல், சிவப்புத் துணி, கட்டித் தொங்கவிட்ட மணிகள். எங்கள் மலை ரோட்டில் எந்த டிரைவரும் அந்த இடத்தில் ஹோர்ன் அடித்து, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவார். கத்தோலிக்க டிரைவர்மாரும் அடிப்பார்கள். ஐயாவும் அடித்தார், நெஞ்சைத் தொட்டார். மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம். இப்போது பள்ளம் வலப்பக்கம், மண்மேடு இடப்பக்கம். கொழுந்து மூட்டையோடு பெண்கள் வரிசையாக இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஐயா வேகத்தைக் குறைக்கவில்லை. அவர்கள் மேட்டோடு ஒட்டிக்கொண்டார்கள், ஒரு மூட்டை எங்கள் கண்ணாடியில் இடித்தது. எனக்குக் கோபம் வந்தது. பெரிய உத்தியோகம் பார்த்தவர்களுக்குக் கொழுந்து எடுக்கிறவர்கள் ஆட்களாகத் தெரியமாட்டார்கள் என்று மனசுக்குள் திட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. ஜெபமாலை உருளும் சத்தம் நின்றிருந்தது.

"ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. முனியாண்டி கோயில் தாண்டிட்டோமா?"

"இன்னும் வரலையே மிஸ்" என்றார் ஐயா.

நான் திரும்பிப் பார்த்தேன். கோயில் எங்களுக்குப் பின்னால், நாங்கள் உரசாத குறையாக வந்த இடது ஓரத்தில், சிவப்புத் துணி ஆட நின்றது. நானும் அதே வண்டியில்தான் இருந்தேன், அவர் ஹோர்ன் அடிக்காமல் அதைத் தாண்டியபோது நானும்தான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அது ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவருக்கு அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"ஐயா" என்றார் மிஸ். நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரல். "ஒரு தரம் தம்பி ஓட்டட்டும்."

விற்கிறவர்தான் ஓட்டவேண்டும் என்று எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்தது.

"இந்த வண்டிய வேற ஆள் ஓட்டினதில்ல மிஸ்."

"விக்கிறதுன்னு முடிவெடுத்துட்டீங்க. எப்பிடியும் வேற ஆள்தானே ஓட்டப் போறான். நீங்க பக்கத்துல இருக்கும்போது ஓட்டட்டுமே."

ஐயா நிறைய நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி இடப்பக்கம் வந்தார். ஏறும்போது கதவின் ஓரத்தில் தோள்பட்டையை இடித்துக்கொண்டார்.

நான் ஓட்டினேன். ஸ்டோருக்குக் கீழே கொஞ்ச தூரம் நேரான, சமமான தார் ரோடு உண்டு. அங்கே வந்ததும் மிஸ் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஜீப் நூல் பிடித்தாற்போல ரோட்டின் நடுவில் போனது. மறுபடி திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தரம் கையை எடுத்தேன். இம்மியும் விலகவில்லை.

ஐயாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். குழந்தை போல மலர்ந்துவிட்டது. முன்னால் டாஷ்போர்டைக் கையால் தட்டிக்கொடுத்தார்.

"நேராப் போகுது. மிஸ், பாத்தீங்களா, நேராப் போகுது. அப்ப வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. பாஸ்மாரு சொன்னது சரிதான். அந்தப் பாவிகள நான் எவ்வளவு ஏசினேன். வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி, வண்டிக்கு…"

அங்கே நின்றுவிட்டது பேச்சு. தட்டிக்கொடுத்த கை அப்படியே இருந்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மிஸ் அவசரப்படவில்லை.

"அப்ப எனக்குத்தானா மிஸ்?" என்றார் ஐயா.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடி போடுங்கள், வயசாகிவிட்டது, களைப்பு என்று. இன்னும் கெட்டிக்காரராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு, இழுக்கிற வண்டி என்று சொல்லியே அடிமாட்டு விலைக்கு வாங்கித் தந்திருப்பார்கள். மிஸ்ஸும் எனக்காகத்தானே வந்தவர். மிஸ் அப்படிச் செய்யவில்லை.

"என்ன வருத்தம்னு எனக்குத் தெரியாது ஐயா. டொக்டர்தான் சொல்லணும். ஆனா இடது பக்கம் உங்களுக்குத் தெரியல. பொம்பளப் புள்ளைகள் மூட்டையோட வந்திச்சு, நீங்க பாக்கல. போகும்போது முனியாண்டிக்குக் கும்பிட்டீங்க, வரும்போது கும்பிடல. நீங்க மறக்கிற ஆள் இல்ல. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

ஐயாவுக்குக் கோபம் வந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன் என்றார். வீடு பார்க்க வந்தீர்களா வண்டி பார்க்க வந்தீர்களா என்று ஏதோ பொருத்தமில்லாமல் சத்தம் போட்டார். கடைசியில் ஐயா கையை நீட்டிச் சாவியைக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "வீட்டுக்கு விடுங்க தம்பி, அம்மாவ ஏத்திக்கிட்டுப் போவோம்" என்றார். அவர் மனைவியை எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம்.

அந்த ஜீப்பில்தான் கண்டிக்கு இறங்கினோம். பாதையில் நான் மெதுவாக, இந்த வண்டியை இப்போதே பேசி முடித்துவிடலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். வேறு யாராவது முந்திவிட்டால் என் கதி என்ன என்ற பயம்தான். "பயந்துபோய் இருக்கிறவர்கிட்ட எதையும் வாங்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

ஐயா இன்றைக்கும் இருக்கிறார். தலையின் பின்பக்கத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார்களாம். இடது பக்கம் கொஞ்சம் மங்கல்தான், வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, அவராகவே என்னைக் கூப்பிட்டு ஜீப்பைக் கொடுத்தார். ஞாயமான விலை. கீழ் ரோடு இன்னும் சரியாகவில்லை. அந்தக் கரும்பச்சை ஜீப்தான் கல் ரோட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, என் பிழைப்பும் அதோடு ஓடுகிறது. கதிரையில் வைத்து ஆளைத் தூக்குவது எங்கள் தோட்டத்தில் நின்றுபோனது.

மிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கத்தில், ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல். செத்தவீட்டுக்கு வந்திருந்த ஜீப்புகளைப் பார்த்து டவுன் ஆட்கள் யாரோ மந்திரி செத்துப்போனார் என்று நினைத்திருப்பார்கள். பிலிமத்தலாவை முதலாளியும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மிஸ் கண்டுபிடித்த ஒவ்வொரு கள்ளத்தைச் சொன்னார்கள். நான் என்னுடையதைச் சொல்லவில்லை. எனக்கு மிஸ் என்றால் ஞாபகம் வருவது அன்றைய ஆஸ்பத்திரி வராந்தா.

ஐயாவை உள்ளே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாங்குப் பலகையில் அம்மா, பக்கத்தில் மிஸ். நான் எதிரே சுவரில் சாய்ந்து நின்றேன். ஆட்கள் சாப்பாட்டுப் பார்சலோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் கையில் ஜெபமாலை வேகமாக ஓடியது. வண்டியில் உருட்டுவதைப் போல இல்லை. அம்மா தேத்தண்ணீர் வாங்கி வர எழுந்து போன நேரத்தில், "ஐயாவுக்குச் சொகமாகணும்னு வேண்டுறீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. நான் சொன்னது பிழையாப் போகணும்னு வேண்டுறேன். கண்ணாடி போட்டா சரியாகிரும்னு டொக்டர் சொல்லணும். இந்தக் கெழவி பேச்சக் கேட்டு வந்தீங்களேன்னு எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிக்கணும்."

அம்மா தேத்தண்ணீரோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களத்தில், நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான் தெரியும். அவர் டொக்டரின் வாயைப் பார்த்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். டொக்டரும் மிஸ்ஸைப் பார்த்தார். அதைத் தமிழில் சொல்ல அங்கே மிஸ்ஸை விட்டால் என்னைத்தான் கேட்கவேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிஸ் எழுந்து நின்று சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. தலையில் கட்டி இருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் தெரியவில்லை, ஆபரேஷன் செய்யவேண்டும், பயம் இருக்கிறது, ஆனால் நேரத்தோடு வந்துவிட்டோம். டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் சொல்லி முடித்தார். அம்மா கேட்ட கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னார். குரல் அசையவில்லை. டொக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் மிஸ் அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்க, வராந்தாவில் போகிற வருகிற ஆட்கள் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாதான் அவர் கையைப் பிடித்து வாங்கில் உட்காரவைத்து, தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.